முதுமலையில் வனத்துறையே ரோட்டோரம் தீ வைக்கிறதே, இது சரியா?

நிலாக்கோவை | திங்கள், இரவு 9.40

போன வாரம் மைசூரிலிருந்து ஊட்டி வழியாகக் கோவை திரும்பினோம். பந்திப்பூர் கேட் காலை ஆறு மணிக்குத் திறந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டோம். தெப்பக்காடு வருவதற்கு முன் ஒரு வளைவில் திரும்பினால் ஒரே புகை. பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், பாதிப் பேர் காக்கி, மீதிப் பேர் கைலி. ரோட்டோரப் புல்லுக்கு அவர்களே தீ வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் தண்ணீர் டேங்கோடு ஒரு ஜீப். யார் முகத்திலும் பதற்றமே இல்லை.

என் பையன் ஆறாவது படிக்கிறான். "இப்பதானே காட்டுல தீ வச்சா ஜெயில்னு போர்டு பாத்தோம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. காட்டைக் காப்பாற்றக் காட்டையே கொளுத்துவது என்ன கணக்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவனுக்குச் சொல்ல வேண்டும்.

கரடிமடை | திங்கள், இரவு 10.05

எரித்தாலும் எரிகிறது, எரிக்காவிட்டாலும் எரிகிறது. வருடா வருடம் மார்ச் மாதம் மலை எரியும் போட்டோ பேப்பரில் வராமல் இருந்திருக்கிறதா? இதில் சரி, தப்பு என்று என்ன இருக்கிறது.

சருகு | திங்கள், இரவு 11.20

நிலா, நீங்கள் பார்த்தது ஃபயர் லைன். பேப்பரில் 'தீத்தடுப்புக் கோடு' என்று போடுவார்கள், காட்டுக்குள் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கூடலூர்ப் பக்கம். மூன்று கோடை தற்காலிகத் தீத்தடுப்புக் காவலராக வேலை பார்த்தவன். எந்த ரேஞ்ச் என்று சொல்ல வேண்டாம், ஒரு வருடக் கூலி மழை பிடித்த பிறகுதான் கைக்கு வந்தது.

வேலை இப்படித்தான். பனிக்காலம் முடியும்போது புல் ஆள் உயரம் நிற்கும், மேற்கே போகப் போக யானையே மறையும் அளவுக்கு. ரோட்டை ஒட்டி ஒரு பட்டை, உள்ளே சில மீட்டர் தள்ளி இன்னொரு பட்டை என்று புல்லை அறுத்து மண் தெரிய இழுத்துவிடுவோம். நடுவில் இருப்பது காய வேண்டும். அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் நடுப்பட்டைக்கு மட்டும் தீ. ஏன் விடியற்காலை என்றால், காட்டுக்குள் இருக்கும் புல்லில் அப்போது பனி ஈரம் இருக்கும். தீ தாண்டினாலும் அந்த ஈரத்தில் தானே படுத்துவிடும். ஒன்பதரைக்கு மேல் காற்று கிளம்பும், அதற்குள் முடித்துவிட வேண்டும்.

ஒருவர் பந்தத்தோடு முன்னால் போவார். மற்றவர்கள் பச்சைத் தழையோடு பின்னால். புது ஆள் யார் என்று தழையைப் பிடிப்பதிலேயே தெரிந்துவிடும். அவன் சினிமாவில் வருவதுபோல ஓங்கி ஓங்கி அடிப்பான். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தழையோடு பொறியும் மேலே போய் அவன் முதுகுக்குப் பின்னால் விழும். தழையைத் தீயின் மேல் வைத்து அமுக்கி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த குறும்பர் தாத்தா ஒரு நாள் முழுக்க என் பின்னாலேயே நடந்து நான் விட்ட பொறிகளைக் காலால் அணைத்துக்கொண்டு வந்தார். திட்டவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தீ அணைந்த பிறகுதான் நிஜமான வேலை. பட்ட மரம் ஒன்று உள்ளே புகைந்துகொண்டே இருந்து ராத்திரி லைனுக்குக் குறுக்கே விழும். யானை லத்தி அதைவிட மோசம், வெளியே சாம்பல், உள்ளே கங்கு. மத்தியானக் காற்றில் உருண்டு அந்தப் பக்கம் போய்விடும். அதனால் சாயந்தரம் வரை நடந்து லத்திகளை உதைத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். இப்போது சருகைத் தள்ள ப்ளோயர் மிஷின் வந்துவிட்டது. லத்தியை உதைக்க இன்னும் மிஷின் வரவில்லை.

உங்கள் பையனிடம் சொல்லுங்கள்: எரிந்த இடம் அந்தக் கோடையில் மறுபடி எரியாது. மார்ச் மாதம் யாராவது பீடித் துண்டை வீசினால் அது அந்தக் கருப்புப் பட்டையில்தான் விழும்.

பாலைத்திணை | செவ்வாய், காலை 7.15

பீடித் துண்டு மட்டும்தானா? மூங்கில் உரசித்தானே காட்டுத்தீ வருகிறது? சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேள்வி. சங்கப் பாட்டிலேயே இருக்கிறது.

ஏட்டையா_வாத்தியார் | செவ்வாய், காலை 8.30

பாட்டில் இருப்பது உண்மை. பாலை நிலத்தைச் சொல்லும்போது மூங்கில் உரசி எழும் தீ வராமல் இருக்காது. காட்டில்தான் அதைக் கண்ணால் பார்த்தவர் கிடைப்பதில்லை. நம் நாட்டுக் காட்டுத்தீ கிட்டத்தட்ட எல்லாமே மனிதக் கை பட்டது. நம் ஊரில் இடி மின்னல் பெரும்பாலும் மழையைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது, மழையில்லாத மின்னல் அபூர்வம். மாட்டுக்குப் புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைப்பவர், தேன் எடுக்கப் பந்தம் கொண்டுபோனவர், புள்ளிமான் உதிர்த்த கொம்பு புல்லுக்குள் தெரியட்டும் என்று கொளுத்துபவர், வனத்துறை மேல் கோபத்தில் கொளுத்துபவர், ஒன்றுமே யோசிக்காமல் சிகரெட் போடும் சுற்றுலாப் பயணி. மூங்கில் பாவம், இத்தனை பேர் பழியையும் அதுதான் சுமக்கிறது.

தாளவாடி | செவ்வாய், காலை 11.10

வாத்தியார் போட்ட பட்டியலில் ஒரு ஆள் விட்டுப்போச்சு. காட்டின் நல்லதுக்காகவே தீ வைத்தவர்கள்.

நான் சோளகர். எங்கள் மலைக்கு வடக்கே கர்நாடக எல்லையைத் தாண்டினால் பிளிகிரிரங்கன் மலை, எங்கள் சொந்தபந்தம் பாதி அங்கேதான். அங்கே பெரியவர்கள் 'தரகு பெங்கி' என்பார்கள். தரகு என்றால் சருகு. தை, மாசியில், சருகு கொஞ்சமாகக் கிடக்கும்போதே, பனி ஈரம் இருக்கும்போதே அங்கங்கே வைத்துவிடுவார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. மரம் சூடு கூடப் பார்க்காது. 1974ல் அது சரணாலயம் ஆனது. காட்டில் இடம் மாற்றி மாற்றிச் செய்யும் குமரி விவசாயம் நின்றது, தீயும் நின்றது. 1972 சட்டப்படி சரணாலயத்தில் தீ வைப்பது குற்றம், யார் எதற்கு வைத்தாலும்.

அப்புறம் என்ன ஆனது? உண்ணிச்செடி, லான்டானா என்கிற வெளிநாட்டுப் புதர். அங்கே ஆய்வு செய்தவர்கள் 1997ல் ஒரு தடவை, 2008ல் ஒரு தடவை அதே இடங்களில் எண்ணினார்கள். பதினோரு வருடத்தில் உண்ணிச்செடியின் அடர்த்தி நான்கு மடங்கு. நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது. அதை எங்கள் ஆட்கள் 'உப்பிலு' என்பார்கள். சிறு தீயின் சூடும் புகையும் உப்பிலுவைக் கொல்லும், நெல்லி பிழைக்கும் என்பது பெரியவர்கள் கணக்கு. தீ இல்லை, உப்பிலு கொழுத்தது, நெல்லி பட்டுப்போனது. நெல்லிக்காய் எடுக்கிறவர்கள்தான் மரத்தை அழித்தார்கள் என்று எங்கள் மேலேயே பழி வந்தது.

ஆக, வனத்துறை ரோட்டோரம் எரித்தால் பாதுகாப்பு. எங்கள் தாத்தா உள்ளே எரித்தால் கேஸ். அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி.

ஏட்டையா_வாத்தியார் | செவ்வாய், மாலை 6.45

தாளவாடி தம்பி, கோபம் நியாயம். இதன் வேர் 1974க்கும் முன்னால் போகிறது.

1864ல் வெள்ளைக்காரன் வனத்துறையைத் தொடங்குகிறான், தலைமையில் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். அவர் படித்தது தாவரவியல், துறை பின்பற்றியது ஐரோப்பியக் காட்டியல், அதில் தீ என்றால் எதிரி. அதே காலத்தில் மத்திய மாகாணத்தில் போரி என்ற காட்டைக் கர்னல் பியர்சன் தீப்பிடிக்காமல் காத்துக் காட்டினார். அதுவரை இந்தியக் காட்டில் தீயை நிறுத்தவே முடியாது என்றுதான் நினைத்திருந்தார்கள். அதிலிருந்து 'இத்தனை சதுர மைல் காப்பாற்றினோம்' என்பதே துறையின் பெருமை ஆகிவிட்டது. நம் பக்கம் 1882ல் சென்னை வனச்சட்டம் வந்தது, காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றமானது.

வேடிக்கை என்னவென்றால், முதலில் சந்தேகப்பட்டவர்களும் அதே துறை ஆட்கள்தான். 1896லேயே ஸ்லேட் என்ற அதிகாரி பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று எழுதினார். தீயை நிறுத்திய தேக்குக் காட்டில் தேக்குக் கன்று வரவில்லை, மூங்கிலும் பச்சைப் புதரும் அமுக்கிவிட்டன. வங்காளம், அசாம் பக்கம் சால் காட்டிலும் இதே கதை. முப்பது நாற்பது வருடம் காவல் காத்துவிட்டுப் பார்த்தால் கீழே ஒரு சால் கன்றும் இல்லை. கடைசியில் அவர்களே காலம் பார்த்துத் தீ வைக்க ஆரம்பித்தார்கள். அதற்கு 'எர்லி பர்னிங்' (முன்கூட்டியே எரிப்பது) என்று பெயரும் வைத்தார்கள். தாளவாடியின் தாத்தா வைத்தது அதே தீதான், அதற்கு இங்கிலீஷ் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். முதுமலையில் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. பழைய வனத்துறைக் குறிப்புகளை வைத்து இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 1909 முதல் 1921 வரை ஒரு இடம் மறுபடி எரிய சராசரி 10 வருடம் ஆனது. 1989 முதல் 2002 வரை பார்த்தால் 3.3 வருடம். அதாவது மும்மடங்கு அடிக்கடி எரிகிறது. சட்டம் தடுத்த பிறகு தீ கூடியிருக்கிறது! 1988 முதல் அங்கே 50 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள செடியைக்கூட விடாமல் எண்ணிக்கொண்டு வருகிறார்கள், யானை ஆய்வாளர் சுகுமார் ஆரம்பித்த வேலை. தீ வந்த வருடங்களில் சாவது சின்னக் கன்றுகள்தான். கருமருது மாதிரி முதலைத் தோல் மரம் நிற்கும். அதன் குழந்தை நிற்காது, வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும், தலை தூக்குவதற்குள் அடுத்த தீ.

அதனால் 'தீயே வராததால் காடு கெட்டது' என்பது பிளிகிரிரங்கன் மலைக்குச் சரி. நூறு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில், முதுமலையில், அதே வாக்கியம் பொய்யாகிவிடுகிறது.

அயலூரான் | புதன், அதிகாலை 3.20

நான் அமெரிக்காவில், மொன்டானாவில் வேலை பார்க்கிறேன் (நேரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இங்கே மத்தியானம்). பக்கத்தில்தான் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா.

இந்த விவாதம் இங்கே 1988ல் ஒரு கோடை முழுக்க டிவியில் நடந்தது. அதுவரைக்கும் கதை இது: 1886ல் ராணுவம் வந்து தீயணைக்க ஆரம்பித்தது. 1935ல் ஒரு விதி போட்டார்கள், எந்தத் தீயானாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கியாக வேண்டும். பிறகு மனம் மாறி 1972 முதல் மின்னல் வைத்த தீயை, ஆபத்தில்லை என்றால், அப்படியே விட்டார்கள். பதினைந்து வருடம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. 1988ல் கோடை மழை பொய்த்தது. ஜூலை பாதியில்தான் 'எல்லாவற்றையும் அணை' என்று உத்தரவு வந்தது. அதற்குள் கைமீறிவிட்டது. பூங்காவில் 36 சதவீதம், சுமார் 8 லட்சம் ஏக்கர். முறை வைத்து மொத்தம் 25,000 பேர் வந்து போராடினார்கள். அணைத்தது அவர்கள் இல்லை. செப்டம்பர் 11ஆம் தேதி பெய்த கால் அங்குலப் பனி.

'விட்டதால்தான் எரிந்தது' என்று ஊரே திட்டியது. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தீ ஆரம்பித்தது பூங்காவுக்கு வெளியே மரம் வெட்ட வந்தவர் போட்ட சிகரெட்டில், அதை முதல் நாளிலிருந்தே அணைக்கத்தான் பார்த்தார்கள். இப்போது அங்கே போனால் ஒரே வயதில், ஒரே உயரத்தில் லாட்ஜ்போல் பைன் நெருக்கமாக நிற்கிறது. அந்தப் பைனில் ஒரு வகைக் காய் பிசினால் ஒட்டியிருக்கும், சூடு பட்டால்தான் வாய் திறக்கும். அங்கே போய் நின்றால் எரிந்தது காட்டின் கெட்ட நேரம் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஏட்டையா_வாத்தியார் | புதன், காலை 8.10

நல்ல தகவல். அந்தப் பைன் காடு நூறிலிருந்து முந்நூறு வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக எரிந்து மொத்தமாக முளைப்பது. நம் இலையுதிர்காட்டில் அந்த வேலை நடக்காது. இதைப் படித்துவிட்டு யாரும் 'அப்படியே விட்டுவிடுங்கள், காடே பார்த்துக்கொள்ளும்' என்று கிளம்பக் கூடாது. இங்கே தீ வைப்பது மின்னல் இல்லையே.

போடிக்காரி | புதன், மதியம் 1.30

எல்லாரும் பட்டை, பைன் என்று பேசுகிறீர்கள். நான் போடி.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் புகை தெரிகிறது என்று சாயந்தரம் மாடியிலிருந்து பார்த்தோம். புகை புதிதில்லை, மாசி, பங்குனியில் எங்கள் மலை ராத்திரியில் மாலை போட்ட மாதிரி எரியும். சின்ன வயதில் அதை அழகு என்று பார்த்திருக்கிறோம். அன்றைக்கு உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது ராத்திரிதான். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ட்ரெக்கிங் பிள்ளைகள். 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள், விடிந்ததும் ஹெலிகாப்டர்.

அந்தச் சரிவு முழுக்கப் போதைப்புல். எலுமிச்சை வாசம் வரும், எண்ணெய்ச் சத்து உள்ளது, காய்ந்தால் காகிதம் மாதிரி. மலையில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மேலே இருக்கும் புல்லைக் கீழே இருக்கும் தீ முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. சமவெளிக்காரர்களுக்கு அது தெரியாது. தப்பித்தவர்களில் சிலர் புல் இல்லாத பாறையில் நின்றவர்கள் என்று அப்போது ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது அரசாங்கமே நடத்தும் ட்ரெக்கிங் பாதைகளைக்கூட தீ சீசனில் மூடிவிடுகிறார்கள். நல்லது. ஆனால் நீங்கள் சொல்லும் தை மாதத் தீயை அந்தச் சரிவில் வைக்க எந்த ரேஞ்சர் கையெழுத்துப் போடுவார்? கொஞ்சம் காற்று மாறினால் அவர் வேலை போச்சு. எரிக்காமல் விட்டு மார்ச்சில் தானாக எரிந்தால் அது 'மர்ம நபர்கள்'.

சருகு | புதன், இரவு 10.50

போடிக்காரி அக்கா கடைசியில் சொன்னதுதான் நிஜம். தீ வைத்து ஒன்று தப்பினால் பெயர் இருக்கிறது. தீ வைக்காமல் நூறு எரிந்தால் பெயர் இல்லை.

தாளவாடிக்கு ஒன்று. அண்ணா, உங்கள் தாத்தா வைத்த தீயை இன்றைக்கு அதே இடத்தில் வைக்க முடியுமா? நான் உண்ணிச்செடிக்குள் தீ பார்த்திருக்கிறேன். புல்லில் ஓடும் தீ 'சரசர' என்று முழங்காலில் போகும். உண்ணிக்குள் போனதும் சத்தமே மாறும், எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விட்ட மாதிரி. கொடி மரத்தில் ஏறியிருக்கும், அதைப் பிடித்துத் தீயும் ஏறும். அன்றைக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் தழையைப் போட்டுவிட்டு ஓடினோம். ரோடு வரை பின்வாங்கி அங்கிருந்து எதிர்த்தீ வைத்துத்தான் நிறுத்த முடிந்தது. அடுத்த மழைக்கு எரிந்த இடத்தில் முதலில் துளிர்த்தது எது தெரியுமா? அதே உண்ணி.

2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தபோதும் இதுதான். 4,000 ஹெக்டேருக்கு மேல் போனது, விமானப்படை ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். கோபாலசாமி பெட்டா பக்கம் மலையே கருப்பு. (கருகிய முயல், குட்டியோடு செத்த குரங்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய போட்டோக்களில் பல அங்கே எடுத்தவையே இல்லை. எங்கள் அம்மா இரண்டு நாள் அழுதார்கள்.)

தாளவாடி | வியாழன், காலை 9.00

முடியாது தம்பி. ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்குத் தரகு பெங்கி வைத்தால் அது தரகு பெங்கியாக இருக்காது. முதலில் உண்ணியை வேரோடு எடுக்க வேண்டும். சும்மா வெட்டினால் இரண்டாக முளைக்கும். எடுத்த இடத்தில் புல் வர வேண்டும், புல் வந்த பிறகு தீயைப் பற்றிப் பேசலாம். கூடலூர்ப் பக்கம் அந்த உண்ணிக் குச்சியில் நிஜ யானை அளவில் பொம்மை செய்து லண்டன் வரை அனுப்பினார்களே, அதில் எங்கள் ஆட்களும் வேலை பார்த்தார்கள். நல்ல கூலி. ஆனால் இருக்கிற உண்ணிக்கு எத்தனை யானை செய்வது?

நான் கேட்பது ஒன்றுதான். எடுக்கும்போதும் எரிக்கும்போதும் எந்த இடம், எந்த வாரம் என்று முடிவு பண்ணும் மேசையில் எங்கள் ஆளும் உட்கார வேண்டும். கூலிக்குத் தழை பிடிக்க மட்டும் கூப்பிட்டால் போதாது. 2011ல் பிளிகிரிரங்கன் மலை சோளகர்களுக்குச் சமூக வன உரிமை பட்டா கிடைத்தது. நெல்லி எடுக்கலாம், தேன் எடுக்கலாம். தீ மட்டும் இன்னும் துறையின் கையில்.

மூணாறு_மழை | வியாழன், காலை 11.40

இதை இவ்வளவு நேரம் யாரும் சொல்லாதது ஆச்சரியம். எங்கள் மூணாறு பக்கம் எரவிகுளத்தில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. மேலே சோலையும் புல்வெளியும் கலந்த மலை, வரையாடு மேயும் இடம். புல் முற்றினால் வரையாடு தொடாது. அதனால் பனிக்காலத்தில் புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு வருடம் ஒரு துண்டு என்று சுற்று முறையில் எரிப்பார்கள். சோலை ஓரத்தில் ஈரம் இருக்கும், தீ அங்கே போய் நின்றுவிடும். வேலை செய்வது முதுவர்கள். தேசியப் பூங்காவுக்குள்ளேயே, துறையின் சம்மதத்தோடு. அங்கே சட்டம் குறுக்கே நிற்கவில்லை, பாருங்கள்.

ஏட்டையா_வாத்தியார் | வியாழன், மதியம் 12.15

நல்ல உதாரணம், நானே மறந்துவிட்டேன். ஆனால் அங்கே உண்ணிச்செடி பிரச்சினை இல்லை, அந்தக் குளிருக்கு அது ஏறவில்லை. முதுமலைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு வர முடியாது. அந்தப் புத்தி மட்டும் வரலாம்.

கரடிமடை | வியாழன், இரவு 8.30

சரி, நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் லத்தியை உதைத்துப் பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது என்று தெரியாது.

நிலாக்கோவை | இருபத்து நான்கு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.10

இழையை மேலே கொண்டுவருகிறேன். நேற்று மறுபடி அதே ரோட்டில் வந்தோம். நீங்கள் எழுதியதை எல்லாம் பையனுக்கு வாசித்துக் காட்டியிருந்ததால் அவன் ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்த வளைவில் இப்போது கருப்புப் பட்டை இல்லை, விரல் நீளத்துக்குப் பச்சைப் புல். பத்துப் பதினைந்து புள்ளிமான் அதில் மேய்ந்துகொண்டிருந்தன. பட்டைக்கு அந்தப் பக்கம் காய்ந்த பழைய புல் அப்படியே மஞ்சளாக நிற்கிறது.

இன்னும் கொஞ்சம் தள்ளி ரோட்டுக்கு இடப்பக்கம் ஒரு இடம் கருகியிருந்தது, புதுச் சாம்பல். ரோடு வரை வந்து நின்றிருக்கிறது, வலப்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. நடுவில் இருந்தது ஃபயர் லைனா, வெறும் தார் ரோடா என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் பார்க்க அனுமதி இல்லையே.

சருகு, பையனுக்கு ஒரு சந்தேகம். யானை லத்தியை உதைத்தால் கால் சுடாதா?

சருகு | ஞாயிறு, இரவு 9.55

சுடும். அதனால்தான் இடது காலால் உதைப்போம், வலது கால் செருப்பு தேயாமல் இருக்கும். தாத்தா சொல்லிக்கொடுத்ததில் இதுவும் ஒன்று.